பாலு மகேந்திராவின் திரைப்படங்களும் ஒளிப்பதிவு முறையும்

பாலு மகேந்திரா (20 மே 1939 – 13 பிப்ரவரி 2014) தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு, இந்தி ஆகிய ஐந்து மொழிகளிலும் படம் எடுத்த இயக்குநர், ஒளிப்பதிவாளர். இலங்கையில் மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்தவர். இயற்பெயர் பெஞ்சமின் மகேந்திரன். ஒளிப்பதிவாளராகத் தொடங்கி இயக்குநராக வளர்ந்த பிறகும் தம் படங்களுக்குத் தாமே ஒளிப்பதிவு செய்தார். பிற்காலப் படங்களில் படத்தொகுப்பையும் தாமே செய்தார்.

இவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் "அழகான ஒளிப்பதிவு" என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது பாதி உண்மைதான். அழகைத் தேடி அவர் ஊட்டிக்குப் போன படங்களும் உண்டு, ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வாடகை வீட்டுக்குள் எந்த வெளிச்சம் விழுகிறதோ அதை அப்படியே எடுத்த படங்களும் உண்டு. இரண்டாவது வகையில்தான் அவருடைய முழுத் திறமையும் வெளிப்பட்டது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அந்தப் படங்களுக்கு நேர்ந்த கதி கட்டுரையின் இறுதிப் பகுதியில் கூறப்படுகிறது.

இளமையும் பயிற்சியும்

ஆங்கில இயக்குநர் டேவிட் லீன் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' (1957) படத்தை இலங்கையின் கித்துல்கல என்னும் ஊரில் எடுத்தார். பள்ளி நாளில் அந்தப் படப்பிடிப்பைப் பார்த்ததே தம்மைத் திரைப்படத்தின் பக்கம் இழுத்தது என்று பாலு மகேந்திரா பலமுறை கூறியுள்ளார். இயக்குநர் "மழை" என்று ஆணையிட்டதும் உடனே மழை பொழிந்ததாம். செயற்கை மழைதான், ஆனால் பார்த்துக்கொண்டிருந்த சிறுவனுக்கு அது தெரியாது. மழையை வரவழைக்கக்கூடிய மனிதராகத் தாமும் ஆக வேண்டும் என்று அன்று நினைத்ததாக அவர் சொல்வார்.

பின்னர் இந்தியா வந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று, 1969இல் தங்கப் பதக்கத்துடன் தேர்ச்சி பெற்றார். 'செம்மீன்' புகழ் ராமு காரியாத் இயக்கிய 'நெல்லு' (1974) என்னும் மலையாளப் படம் அவருக்கு முதல் பெரிய வாய்ப்பு. வயநாட்டுப் பழங்குடி மக்களின் வாழ்க்கையைச் சொல்லும் அப்படத்திற்காகக் கேரள அரசின் சிறந்த ஒளிப்பதிவாளர் விருது கிடைத்தது. தமிழில் மகேந்திரன் இயக்கிய 'முள்ளும் மலரும்' (1978), தெலுங்கில் கே. விஸ்வநாத் இயக்கிய 'சங்கராபரணம்' (1980), மணிரத்னத்தின் முதல் படமான 'பல்லவி அனுபல்லவி' (கன்னடம், 1983) ஆகியவை பிற இயக்குநர்களுக்காக அவர் ஒளிப்பதிவு செய்தவற்றுள் குறிப்பிடத்தக்கவை. மகேந்திரன், பாலு மகேந்திரா ஆகிய இருவரையும் பெயர் ஒற்றுமையால் ஒருவரென்று எண்ணும் மாணவர்கள் இன்றும் இருக்கிறார்கள். முன்னவர் இளையான்குடிக்காரர், பின்னவர் மட்டக்களப்புக்காரர்.

கிடைக்கும் ஒளி

பாலு மகேந்திராவின் முறையை விளங்கிக்கொள்ள, அவருக்கு முன்பு தமிழ்ப் படங்கள் எப்படி எடுக்கப்பட்டன என்பது தெரிய வேண்டும். பெரும்பாலான காட்சிகள் படப்பிடிப்பு அரங்குகளில்தான் எடுக்கப்பட்டன. அக்காலத்து வண்ணப் படச்சுருளின் ஒளியுணர்வு குறைவு. இன்று கைப்பேசியே இருட்டில் படம் பிடிக்கிறது. அன்றைய ஈஸ்ட்மேன் வண்ணச் சுருளுக்கோ அறை முழுவதும் விளக்குகளைக் கொட்ட வேண்டியிருந்தது. நடிகரின் முகத்துக்கு ஒரு விளக்கு, தலைமுடிக்குப் பின்னால் ஒன்று, சுவருக்கு ஒன்று என்று வைப்பார்கள். இதனால் குடிசையில் இருப்பவரின் முகமும் மாளிகையில் இருப்பவரின் முகமும் ஒரே அளவு பளபளக்கும். நள்ளிரவுக் காட்சியில்கூட ஒருவருக்கு மூன்று நிழல்கள் விழும்.

வங்காளத்தில் சத்யஜித் ராயின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா இதற்கு ஒரு மாற்று கண்டார். 'அபராஜிதோ' (1956) படத்தில் காசி நகரத்து வீடு ஒன்றின் முற்றத்தை அரங்கில் அமைத்தார்கள். அதன் மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை நடிகர் மீது நேராகக் காட்டாமல் துணியின் மீது காட்டி, அங்கிருந்து திரும்பி வரும் மென்மையான ஒளியில் படமெடுத்தார் மித்ரா. முற்றத்தில் வானத்திலிருந்து இறங்கும் வெளிச்சம் போலவே அது இருந்தது. ராயைத் தம் ஆசானாகக் கருதிய பாலு மகேந்திரா இந்தப் பாதையில் வந்தவர்.

அவர் பின்பற்றிய விதி எளியது. காட்சியில் ஒளி எங்கிருந்து வருகிறதோ, அந்த இடம் பார்ப்பவருக்கு இயல்பாகத் தோன்ற வேண்டும். பகலில் அறைக்குள் ஜன்னல் வழியே வெளிச்சம் வருகிறது என்றால், ஜன்னலை ஒட்டிய கன்னம் ஒளிர வேண்டும், மறு கன்னம் மங்க வேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் வெள்ளை அட்டையையோ துணியையோ வைத்து அந்த ஜன்னல் ஒளியையே சற்றுத் திருப்பிவிடலாம், புதிதாக ஒரு சூரியனைக் கொண்டுவரக் கூடாது. வெளிப்புறக் காட்சிகளுக்கு உச்சிவெயிலைத் தவிர்த்துக் காலையையும் மாலையையும் பனிமூட்டத்தையும் அவர் விரும்பினார். உச்சிவெயிலில் கண்களுக்குக் கீழே கருநிழல் விழும், முகபாவம் தெரியாது. சாய்ந்த ஒளியில் முகம் முழுவதும் தெரியும். வீட்டு ஜன்னல் அருகே ஒருவரை உட்காரவைத்துக் காலை 7 மணிக்கும் பகல் 12 மணிக்கும் மாலை 5 மணிக்கும் படம் எடுத்துப் பார்த்தால், இந்தப் பத்தி சொல்வது கண்ணால் விளங்கிவிடும்.

முதல் படங்கள்

அவர் இயக்கிய முதல் படம் கன்னடத்தில் 'கோகிலா' (1977). கமல்ஹாசனும் ஷோபாவும் நடித்த இப்படத்திற்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருது கிடைத்தது. தமிழில் முதல் படம் 'அழியாத கோலங்கள்' (1979). கிராமத்தில் வளரும் மூன்று சிறுவர்கள், பள்ளிக்குப் புதிதாக வரும் இளம் ஆசிரியை, எதிர்பாராத ஒரு மரணம், இவ்வளவே கதை. விடலைப் பருவத்தின் ஆர்வத்தையும் குற்றவுணர்வையும் கொச்சைப்படுத்தாமல் சொன்ன படம். ஆசிரியர்கள் பார்க்க வேண்டிய படம் என்று தயங்காமல் சொல்லலாம். வகுப்பின் கடைசி வரிசையில் இருப்பவர்களின் மனத்தில் என்ன நடக்கிறது என்று எந்தப் பி.எட். பாடநூலும் இவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை.

'மூடுபனி' (1980) இளையராஜா இசையமைத்த 100ஆவது படம். அதன் பிறகு பாலு மகேந்திராவின் பெரும்பாலான படங்களுக்கு இளையராஜாவே இசையமைத்தார்.

'மூன்றாம் பிறை' (1982) அவருக்கு மிகப்பெரிய வெற்றியைத் தந்தது. விபத்தில் நினைவிழந்து குழந்தை மனநிலைக்குத் திரும்பிவிட்ட பெண்ணை ஊட்டிப் பகுதியில் பணிபுரியும் பள்ளி ஆசிரியர் ஒருவர் பாதுகாக்கிறார். அவளுக்கு நினைவு திரும்பும்போது அந்த ஆசிரியரின் நினைவு அழிந்துவிடுகிறது. ரயில் நிலையத்தில் மழையில் நனைந்தபடி, அவளுக்குத் தன்னை நினைவூட்டக் குட்டிக்கரணம் அடிக்கும் கடைசிக் காட்சியைப் பார்த்தவர் எவரும் மறந்திருக்க மாட்டார். அந்தச் சாம்பல் நிற வானத்தைக் கவனிக்க வேண்டும். வெயில் அடித்திருந்தால் அது வேறு காட்சியாகியிருக்கும். கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதும், பாலு மகேந்திராவுக்குச் சிறந்த ஒளிப்பதிவுக்கான தேசிய விருதும் கிடைத்தன. அடுத்த ஆண்டில் 'சத்மா' என்ற பெயரில் இந்தியிலும் எடுத்தார்.

இதே படத்தில் சில்க் ஸ்மிதாவின் நடனப் பாடலும் அதைச் சார்ந்த கிளைக்கதையும் உண்டு. வணிகத்துக்காகச் சேர்த்தது என்பது அப்பட்டமாகத் தெரியும். 1984இல் வந்த வணிகப் படத்துக்கு 'நீங்கள் கேட்டவை' என்றே பெயர் வைத்தார். ரசிகர்களைப் பார்த்துச் சொன்ன குத்தலாகவும் அதைக் கொள்ளலாம், தம்மைத் தாமே கேலி செய்துகொண்டதாகவும் கொள்ளலாம். மலையாளத்தில் 'ஓளங்ஙள்' (1982), 'யாத்ரா' (1985) ஆகியன அதே காலத்தவை.

வீடு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நாடறிந்த பழமொழி. அதன் முதல் பாதியைத் தவிர வேறு கதை இல்லாத படம் 'வீடு' (1988). கதை, பாலு மகேந்திராவின் மனைவி அகிலாவின் பெயரில் வந்தது. பாடல் இல்லை, சண்டை இல்லை, நகைச்சுவைக்கென்று தனி ஆளும் இல்லை. பின்னணிக்கு இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட இசை மட்டும் உண்டு.

சுதா சென்னையில் அலுவலகம் ஒன்றில் வேலை பார்ப்பவள். தங்கையும், ஓய்வுபெற்ற இசை ஆசிரியரான தாத்தாவும் அவளை நம்பி இருக்கிறார்கள். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுகிறார் உரிமையாளர். வேறு வீடு தேடி அலைந்து சலித்த நிலையில், தங்களுக்கு இருக்கும் மனையில் ஒரு பகுதியை விற்று, கடனும் வாங்கி, வீடு கட்டலாம் என்று யோசனை வருகிறது. அங்கிருந்து துன்பம் தொடங்குகிறது. வரைபட அனுமதி, கடன் மனு, கட்டட ஒப்பந்தக்காரர், சிமென்ட் மூட்டை, மழை. ஒப்பந்தக்காரர் ஏமாற்றுவதை அம்பலப்படுத்துபவள் அங்கே சித்தாள் வேலை செய்யும் மங்கம்மா. பாதி எழும்பிய வீட்டைத் தாத்தா ஒருநாள் தனியாகப் பேருந்தேறிப் போய்ப் பார்க்கிறார். சுவரைத் தடவுகிறார். திரும்பும் வழியில் இறந்துபோகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நிலம் குடிநீர் வாரியத்தால் கையகப்படுத்தப்பட்டது என்று அதிகாரிகள் வந்து நிற்கிறார்கள். வழக்கின் தீர்ப்புக்குச் சுதா காத்திருப்பதோடு படம் முடிகிறது.

தாத்தா அந்த வீட்டைப் பார்க்கும் காட்சி தமிழ்த் திரைப்படத்தின் உச்சங்களில் ஒன்று. நாடக மேடையில் நெடுங்காலம் இருந்த சொக்கலிங்க பாகவதர் அதில் நடிக்கிறார் என்றே சொல்ல முடியாது. கூரை இன்னும் முழுதாக மூடாத கட்டடம், ஜன்னல் வைக்க விட்ட வெற்றிடங்கள், அவற்றின் வழியே உள்ளே விழும் பகல் வெளிச்சம். எந்த விளக்கும் வைத்ததாகத் தெரியவில்லை. பூசாத செங்கலின் சொரசொரப்பு கைக்குத் தட்டுப்படுவது போல இருக்கிறது. படத்தின் தொடக்கத்தில் இதே மனிதரை மங்கலான வாடகை வீட்டுக்குள்தான் கண்டோம். இந்த இரண்டு வெளிச்சங்களின் வேறுபாடே, சொந்த வீடு என்பது அவருக்கு என்ன என்பதைச் சொல்லிவிடுகிறது. வசனம் தேவைப்படவில்லை.

கரிசல் மண்ணில் அஸ்திவாரத்தை ஆழமாகத் தோண்டி, கட்டிய சுவர் கோடையில் வெடிக்குமோ என்று கவலைப்படும் எங்கள் குன்னம் பக்கத்தில் இந்தப் படத்துக்கு விளக்கவுரை தேவையில்லை. சிமென்ட் ஆலைகள் நிறைந்த அரியலூர் பக்கத்திலேயே இருந்தும் மூட்டைக் கணக்கு உதைப்பது இங்கும் நடப்பதுதான்.

'வீடு' வந்த அதே காலத்தில் போலந்து நாட்டு இயக்குநர் கிஷ்லோவ்ஸ்கி (1941–1996) 'டெக்கலாக்' என்ற பத்துப் படங்களைப் போலந்துத் தொலைக்காட்சிக்காக எடுத்தார். வார்சா நகரின் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் சாதாரண மனிதர்களின் சிக்கல்கள் அவை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் அல்லர். ஆயினும் ஒரு மருத்துவ அறிக்கையோ வீட்டு வரைபடமோ ஒரு குடும்பத்தைக் கவிழ்த்துவிடும் என்பதை இருவருமே பெரிய குரல் எழுப்பாமல் காட்டினார்கள். ஒரு வேறுபாடு குறிப்பிடத்தக்கது. கிஷ்லோவ்ஸ்கி அந்தப் பத்துப் படங்களுக்கு ஒன்பது ஒளிப்பதிவாளர்களைப் பயன்படுத்தினார், படத்துக்குப் படம் பார்வை மாறட்டும் என்று விட்டார். பாலு மகேந்திரா கேமராவைப் பிறர் கையில் கொடுக்கவே இல்லை. அதனால் அவர் படங்களுக்கு ஒரே கையெழுத்து அமைந்தது. அந்தக் கையெழுத்தின் பலவீனமும் எல்லாப் படங்களிலும் தொடர்ந்தது.

சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதை 'வீடு' பெற்றது. சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது.

சந்தியா ராகம்

'சந்தியா ராகம்' (1989) கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது. வண்ணம் எங்கும் பரவிவிட்ட காலத்தில் அது துணிச்சல்தான். மனைவி இறந்தபின் கிராமத்திலிருந்து சென்னைக்குத் தம்பி மகனின் வீட்டுக்கு வரும் முதியவர், அந்தச் சிறிய வீட்டின் வருமானத்துக்குள் தாம் ஒரு கூடுதல் வயிறு என்பதை உணர்கிறார். யாரும் கெட்டவர்கள் இல்லை, பணம்தான் இல்லை. இதிலும் சொக்கலிங்க பாகவதரும் அர்ச்சனாவும் நடித்தார்கள். ஓவியர் வீர சந்தானம் தம்பி மகனாக நடித்தார். குடும்ப நலம் குறித்த சிறந்த படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது. 'வீடு' படத்தைவிட இதையே உயர்வாகக் கருதுவோரும் உண்டு.

பிற்காலம்

இதன் பின்னர் வந்தவற்றில் 'வண்ண வண்ணப் பூக்கள்' (1992), 'மறுபடியும்' (1993), 'சதி லீலாவதி' (1995) ஆகியவை பேசப்பட்டன. 'மறுபடியும்' மகேஷ் பட்டின் 'அர்த்' என்ற இந்திப் படத்தின் மறு ஆக்கம். ஒரு ஆணுக்கும் இரு பெண்களுக்கும் இடையிலான உறவுச் சிக்கலுக்கு அவர் திரும்பத் திரும்பச் சென்றார். 'ஜூலி கணபதி' (2003) போன்ற படங்களில் மூலக்கதை மேலைநாட்டிலிருந்து வந்தது. ஒளி அழகாகவே இருந்தது, ஆனால் அதற்கு வேலை இல்லாமல் போனது. ஒரு பாடகர் நல்ல குரலோடு, பொருள் தெரியாத பாட்டைப் பாடுவது போல.

சன் தொலைக்காட்சிக்காக அவர் எடுத்த 'கதை நேரம்' அப்படியன்று. தமிழ் எழுத்தாளர்களின் சிறுகதைகளை வாரம் ஒன்றாக, சிறு படங்களாக எடுத்தார். மொத்தம் 52. இலக்கியப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்குப் பயன்படும் தொடர் இது. முதலில் கதையைப் படிக்கவைத்து, பிறகு படத்தைக் காட்டி, இயக்குநர் எந்த வரியை விட்டார், எதைக் காட்சியாக்கினார் என்று மாணவர்களைக் கேட்கலாம்.

2007இல் 'சினிமா பட்டறை' என்ற பயிற்சிப் பள்ளியைச் சென்னையில் தொடங்கினார். அதற்கு முன்பே அவரிடம் உதவியாளர்களாக இருந்தவர்கள் பலர் இயக்குநர்களாகியிருந்தனர். பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி ஆகியோர் அவர்களுள் அறியப்பட்டவர்கள். கவிஞர் நா. முத்துக்குமாரும் அவரிடம் உதவி இயக்குநராக இருந்தவரே. இவர்கள் எவரும் குருவைப் போலப் படம் எடுக்கவில்லை. பாலாவின் படங்களில் தெறிக்கும் வன்முறைக்கும் 'வீடு' படத்தின் அமைதிக்கும் தொடர்பே தெரியாது. சிறுகதை படிக்கும் பழக்கத்தையும், நடிகரின் ஒப்பனையைக் குறைக்கும் பழக்கத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு தத்தம் ஊர்களுக்குத் திரும்பினார்கள்.

கடைசிப் படம் 'தலைமுறைகள்' (2013). சிறிய டிஜிட்டல் கேமராவில் எடுத்தார். வெளியே போகும்போது எப்போதும் தலையில் இருக்கும் தொப்பியைக் கழற்றிவிட்டு, தாமே தாத்தாவாக நடித்தார். வேற்று மதப் பெண்ணை மணந்ததால் மகனை ஒதுக்கிவைத்த கிராமத்துத் தாத்தாவிடம், தமிழே தெரியாத பேரன் வந்து சேர்கிறான். பேரன் தாத்தாவிடம் தமிழ் கற்கிறான், தாத்தா பேரனிடம் ஆங்கிலம் கற்கிறார். பின்னணி ஆறும் வயலும் காலை வெளிச்சமும். தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருது இப்படத்துக்கு அறிவிக்கப்பட்டபோது பாலு மகேந்திரா உயிரோடு இல்லை.

அழிந்துபோன நெகட்டிவ்கள்

படச்சுருளில் எடுக்கப்பட்ட படத்துக்கு நெகட்டிவ்தான் மூலம், ஓலைச்சுவடிக்கு மூலப்படி போல. திரையரங்குகளுக்குப் போகும் பிரதிகள் அனைத்தும் அதிலிருந்து எடுக்கப்படுபவை. பிரதியிலிருந்து பிரதி எடுத்தால் ஒவ்வொரு முறையும் நுட்பம் குறையும். நிழற்பகுதிகள் கருமையாக அடைத்துக்கொள்ளும், வெளிச்சப் பகுதிகள் வெளுத்துப்போகும். குளிர்ச்சியும் வறட்சியும் உள்ள அறையில் வைக்காவிட்டால் சுருள் புளிப்பு நாற்றம் அடித்துச் சுருங்கும், வண்ணங்கள் மங்கும். சென்னையின் ஈரக்காற்று இதற்கு எமன். ஆய்வுக்கூடத்தில் கிடக்கும் நெகட்டிவ்களுக்கு வாடகை கட்டவோ, எடுத்துச் சென்று பாதுகாக்கவோ பல தயாரிப்பாளர்களால் முடிந்ததில்லை.

'வீடு', 'சந்தியா ராகம்' ஆகிய படங்களின் நெகட்டிவ்கள் இப்போது இல்லை என்று பாலு மகேந்திராவே மேடையில் சொல்லி வருந்தினார். தமிழ்த் திரைப்படங்களைப் பாதுகாக்க இங்கே ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று தம் இறுதி ஆண்டுகளில் தொடர்ந்து கேட்டுவந்தார். மத்திய அரசின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல் புனேயில் தொடங்கப்பட்டது. அவர் கேட்டது தமிழ்நாட்டில் ஒன்று.

ஒப்பிட ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' உள்ளிட்ட படங்களின் நெகட்டிவ்கள் 1993இல் லண்டன் ஆய்வுக்கூடம் ஒன்றில் நேர்ந்த தீவிபத்தில் கருகின. எரிந்த சுருள்களைக்கூடத் தூக்கி எறியாமல் அமெரிக்காவின் ஆஸ்கர் அகாதமி பாதுகாத்தது. பல ஆண்டுகளுக்குப் பின் இத்தாலியின் பொலோனா நகரத்து வல்லுநர்கள் அவற்றைச் சட்டகம் சட்டகமாகச் சீர்செய்து, இல்லாத பகுதிகளை வேறு பிரதிகளிலிருந்து சேர்த்து, 2015இல் புதிய வடிவம் கொடுத்தார்கள். சாம்பலிலிருந்தே இவ்வளவு மீட்க முடிந்திருக்கிறது.

'வீடு' இன்று இணையத்தில் காணக் கிடைக்கிறது. பழைய ஒளிப்பேழை ஒன்றிலிருந்து எடுத்தது போன்ற தெளிவற்ற படம். நிறங்கள் வெளிறி, வாடகை வீட்டுக் காட்சிகளில் மங்கலாக இருக்க வேண்டிய மூலைகள் வெறும் கறுப்பாக அடைத்துக் கிடக்கின்றன. தாத்தா சுவரைத் தடவும் இடத்தில் மட்டும், பகல் வெளிச்சம் போதுமான அளவு இருந்ததால், செங்கல்லின் வரிகளை இன்னும் எண்ண முடிகிறது.